உடையப்ப கங்காணியின் கோரைப்பல்

துருப்பிடித்த ஆணியைப் பிடுங்குகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, எடுத்த எடுப்பில் அதை வெளியே இழுப்பது. பழைய ஆணி மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் தலை மட்டும் குறட்டோடு வரும், உடம்பு உள்ளேயே தங்கிவிடும். அதற்குச் சுத்தியலை எடுத்து, உள்பக்கமாக ஒரே ஒரு தட்டுத் தட்டவேண்டும். பிடிப்பு விட்டுப்போகும். அப்புறம் இழுத்தால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. வெளியே வரவேண்டியதை ஏன் உள்ளே அடிக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் உடையப்ப கங்காணியின் பல்லைப் பற்றி எழுதுகிறேன். இதில் எதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை. சில இடங்களில் குறைத்திருக்கிறேன். முழுதும் சொன்னால் என்னைப் பொய்யன் என்பார்கள்.

ஈப்போவுக்குள் பெரிய வெள்ளம் புகுந்ததற்கு முந்திய வருஷம் அது. ரப்பர் விலை ஏறின ஏற்றத்தில் துரைமார் எல்லாம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வெள்ளைப்பாறைத் தோட்டம் சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில், சிலிபின் ஊரைத் தாண்டி ஆற்றோரமாக இருந்தது. எனக்கு அப்போது மீசை நன்றாக முளைத்திருந்த வயது. பத்துமலை என்று பெயர். ரப்பர் பால் ஸ்டோரில் ரிப்பேர் வேலை எல்லாம் என் தலையில்தான். உருளை மெஷினுக்கு எண்ணெய் போடுவது, வாளிக்குப் பிடி மாட்டுவது, கதவுக்குக் கீல் வைப்பது, பால் வெட்டும் கத்தி தீட்டுவது.

கத்தி தீட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சாணைக்கல்லை நனைக்காமல் தீட்டாதீர்கள், கத்தியின் பதம் செத்துப்போகும். நான் நனைத்துத் தீட்டுவேன். என் கையால் தீட்டிய கத்தியைக் கருப்பம்மாள் அக்கா விடியற்காலையில் மரத்தில் வைத்து இழுத்தால், வெட்டுப்பட்டதே மரத்துக்கு மத்தியானம்தான் தெரியும். அக்கா வீட்டுக்குப் போய்ச் சோறாக்கி முடித்த பிறகுதான் பால் மங்குக் கிண்ணத்தில் இறங்கும்.

இந்தக் கருப்பம்மாள், தோட்டத்து ஆள்களை வேலை வாங்கும் உடையப்ப கங்காணிக்குக் கூடப்பிறந்த அக்கா. தோட்டம் முழுக்க அவரைக் கண்டு நடுங்கும்போது, "டேய் உடையப்பா" என்று கூப்பிடக்கூடிய ஒரே ஆள். வெற்றிலை பாக்கு இல்லாமல் அவளுக்குப் பேச்சு வராது. பேச்சு வராமல் அவளைப் பார்த்தவர்களும் கிடையாது.

கங்காணி கெட்ட மனிதர் இல்லை. ஆயுத பூஜை வந்தால் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிடுவார். அன்றைக்குத் தோட்டத்தில் இருக்கும் ஆயுதம் எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாரியம்மன் கோயில் முன்னால் கோணியில் பரப்பவேண்டும். மறுநாள் காலையில் சன்னாசி பூசாரி கற்பூரம் காட்டி எடுத்துக் கொடுக்கும்வரை ஒருத்தரும் தொடக்கூடாது. இது எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான். எங்கள் கங்காணி அதோடு நிற்கவில்லை. முதலில் கத்தி, பாராங் அரிவாள், மண்வெட்டி என்று இருந்தது. அடுத்த வருஷம் அரிவாள்மனை, அம்மி. அதற்கடுத்து அகப்பை. போன வருஷம் கருப்பம்மாளின் இடுப்பிலிருந்த பாக்குவெட்டியை எல்லார் முன்னாலும் பிடுங்கிக் கோணியில் வைத்துவிட்டார்.

"ரெண்டு இரும்பு சேந்து ஒண்ண வெட்டுதுன்னா அது ஆயுதம்தான் அக்கா. என் சட்டம் எங்கக்காவுக்கும் உண்டு."

அக்கா அன்று முழுப் பாக்கைக் கடித்தாள். தாடை கழன்றுபோயிற்று. அந்த ஒரு நாள்தான் தோட்டத்தில் குயில் கூவுவது எங்களுக்குக் கேட்டது.

இந்த வருஷம் கங்காணி ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கே போய்விட்டார். அங்கே டிரசர் பாஸ்கல் இருந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கலக்குவது, பல் பிடுங்குவது எல்லாம் அவர்தான். நல்ல கைராசிக்காரர். அவரிடம் பளபளவென்று ஒரு பல் குறடு இருந்தது.

"கங்காணி, நான் வேதக்காரன். எனக்கு ஆயுத பூஜை இல்ல," என்றார் பாஸ்கல்.

"ஒங்களுக்கு இல்ல டிரசரய்யா. ஒங்க கொறடு என்ன வேதம்?"

பாஸ்கல் யோசித்தார். குறடு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனதாக அவருக்கு ஞாபகம் வரவில்லை. கொடுத்துவிட்டார். குறட்டுக்கும் பொட்டு வைத்து, என் சுத்தியலுக்கும் கருப்பம்மாளின் பாக்குவெட்டிக்கும் நடுவில் படுக்கவைத்தார்கள். கதவு, வண்டி, வண்டிமாடு, தராசு, கணக்கெழுதும் கிராணியின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு. கங்காணி கோயில் வாசலில் நின்று கையை உயர்த்தினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! நாளைக்குக் காலையில பூசாரி எடுத்துக் குடுக்கிற வரைக்கும் எவனாச்சும் ஆயுதத்தத் தொட்டான்னா, நாளைக்கு அவனுக்குப் பெரட்டுல பேரு கெடையாது. அது நானா இருந்தாலும் சரி!"

பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது. அதில் பேர் விழாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. எல்லாரும் தலையாட்டினோம். கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொடுத்தார்கள். கங்காணி ஒரு கை அள்ளி வாயில் போட்டார். கடலைக்குள் ஒரு கல் இருந்திருக்கிறது. "கடக்" என்று ஒரு சத்தம். கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற எனக்கே கேட்டது.

மேல்வாயில் இடது பக்கத்துக் கோரைப்பல். கொஞ்ச நாளாகவே அது அவரோடு மனஸ்தாபத்தில் இருந்ததாம், அன்றைக்கு முழுதாகப் பகைத்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் கன்னம் பப்பாளி அளவுக்கு வீங்கிவிட்டது. வீக்கத்தின் பாரத்தில் தலை ஒரு பக்கம் சாய, தலைப்பாகை மறு பக்கம் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. அவர் முனகிய முனகலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈயம் தோண்டுகிற சீனத் தவுக்கை முதலாளி, தன்னுடைய பம்பு மெஷின்தான் கெட்டுப்போயிற்று என்று நினைத்து அதை நிறுத்தி எண்ணெய் விட்டான்.

பாஸ்கல் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இது நிக்காது கங்காணி. வேர்ல சீழ் வச்சிருச்சு. புடுங்கியாகணும். கொறடு மட்டும் இருந்தா ஒரு நொடி வேலை."

எல்லாரும் கோணியைத் திரும்பிப் பார்த்தார்கள். வெயிலில் குறடு மின்னியது. நெற்றியில் குங்குமத்தோடு அது கங்காணியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி எனக்குப் பட்டது.

கருப்பம்மாள் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தம்பி, ஒரே ஒரு வார்த்த சொல்லு. பாக்குவெட்டி ஆயுதம் இல்லன்னு சொல்லு. நானே போயி கொறட்ட எடுத்தாறேன். பாவம் எனக்கு, பல்லு ஒனக்கு."

"ஆயுதம்தான்," என்றார் கங்காணி. வலியில் கண்ணீர் தாரையாக ஓடியது. "தல போனாலும் என் வார்த்த போவாது."

"தல எதுக்குடா போவுது? பல்லுதானே போவணும், அதுவும் போவமாட்டேங்குதே!"

கூட்டம் சிரித்தது. கங்காணி முறைத்தார். முறைப்பு பாதி முகத்தில்தான் வந்தது, மறுபாதி வீங்கிக் கிடந்தது.

நிலைமை இதுதான். சாயங்காலத்துக்குள் அந்தப் பல் வெளியே வராவிட்டால் கங்காணி குறட்டைத் தொட்டுவிடுவார். தொட்டால் அவர் பேச்சுக்கு அதற்கப்புறம் தோட்டத்தில் மரியாதை இல்லை. ஆகவே, ஆயுதமில்லாமல் பல்லைப் பிடுங்கவேண்டும். இப்படி ஒரு வேலை என் கைக்கு வந்ததே இல்லை. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"அண்ணே, நூல் ஆயுதமா?" என்று கேட்டேன்.

கங்காணி பூசாரியைப் பார்த்தார். சன்னாசி பூசாரி வானத்தைப் பார்த்தார். "நூல் வெட்டாது, குத்தாது, அடிக்காது. ஆயுதமில்ல," என்று தீர்ப்புச் சொன்னார்.

பல்லில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கதவில் கட்டி, கதவை அறைந்து சாத்துவது என்று முடிவாயிற்று. பாஸ்கல் முடிச்சுப் போட்டார். பல்லில் நூல் வழுக்கும். விரலில் கொஞ்சம் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு போட்டால் நிற்கும். இது தூண்டில்காரர்களுக்கும் உதவும். நான் கதவை அறையக் கை ஓங்கினேன்.

"நிறுத்துடா பத்து!" என்று கருப்பம்மாள் கத்தினாள். "அந்தக் கதவு நெத்தியில என்ன இருக்கு?"

பார்த்தால் சந்தனப் பொட்டு. காலையில் கங்காணியே தன் கையால் வைத்தது.

"பொட்டு வச்சதெல்லாம் ஆயுதம். அதானே எந்தம்பி சட்டம்? கதவத் தொட்ட, நாளைக்கு ஒனக்குப் பெரட்டு இல்ல!"

தோட்டத்தில் பொட்டு இல்லாத கதவு ஒன்றுகூட இல்லை. வண்டிமாட்டுக்கும் பொட்டு. கடைசியில் பொட்டு வைக்காத ஜீவன் ஒன்று கிடைத்தது, பூசாரியின் கிடா ஆடு. நூலை அதன் கழுத்தில் கட்டினோம். பின்னாலிருந்து ஊய் என்று விரட்டினால் அது ஓடும், பல்லும் கூட ஓடும் என்பது கணக்கு. ஆடு ஓடவில்லை. திரும்பி நின்று, நூலை மென்றுகொண்டே கங்காணியை நோக்கி நடந்து வந்தது. மென்றது, வந்தது, மென்றது, வந்தது. நூல் தீர்ந்ததும் அவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தது.

"டிரசரய்யா, ஆடு என்ன சொல்லுது?" என்றாள் கருப்பம்மாள். "அதுக்கும் கொறடு வேணுமாமா?"

அப்போதுதான் நான் ஆணி விஷயத்தை எடுத்தேன். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உள்பக்கமா ஒரு தட்டுத் தட்டிட்டு அப்புறம் இழுத்தா..."

"என் வாய்க்குள்ள ஆணி அடிக்கப் போறியாடா?" என்று கங்காணி எழுந்த வேகத்தில் நான் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அப்புறம் யாரும் தட்டுவதைப் பற்றிப் பேசவில்லை.

சுற்றி வந்தபோதுதான் மரங்கள் என் கண்ணில் பட்டன. முந்தைய நாள் வெட்டிய மரங்கள். வெட்டின கோட்டில் மிச்சப் பால் காய்ந்து, வெள்ளை நாடா மாதிரி பட்டையில் ஒட்டிக் கிடக்கும். அதற்குக் கோட்டுப்பால் என்று பெயர். காலையில் பால் வெட்டுகிறவர்கள் கத்தி வைப்பதற்கு முன்னால் அதை நகத்தால் நெம்பி உரித்துக் கூடையில் போடுவார்கள். உரிப்பதற்கு ஒரு ஆயுதமும் வேண்டாம். விரல் போதும்.

"அக்கா!" என்று கத்தினேன். "கோட்டுப்பாலு! நாளு பூரா ஒருத்தரும் உரிக்கல. அவ்வளவும் மரத்துலதான் இருக்கு. உரிச்சு, சடை பின்னுற மாதிரி பின்னிட்டா?"

கருப்பம்மாள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தம்பியின் கன்னத்தைப் பார்த்தாள். வீக்கம் அதற்குள் கண்ணை மூடியிருந்தது. அவள் முகத்திலிருந்த கேலி கொஞ்சம் இறங்கிற்று.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று பெண்களைப் பார்த்து அதட்டினாள். "வாங்கடி! எந்தம்பி செத்தா எனக்கு யாருலா சண்டைக்கு?"

நிரை நிரையாகப் பெண்கள் ஓடினார்கள். மடி நிறைய வெள்ளை நாடாவோடு திரும்பினார்கள். தலை பின்னுகிற கையல்லவா, பேசிக்கொண்டே பின்னினார்கள். மணிக்கட்டுப் பருமனில் ஒரு ரப்பர் சடை ஆயிற்று. அதன் நுனியைக் கங்காணியின் பல்லில் கட்டும் பொறுப்பைப் பாஸ்கல் ஏற்றுக்கொண்டார். சாம்பல் தொட்டு, தையல் போடுகிற முடிச்சாகப் போட்டார். பல் கழன்றாலும் கழலும், முடிச்சு கழலாது என்று சத்தியம் செய்தார். மறுமுனையைக் கோயிலுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய பால்மரத்தின் அடிமரத்தில், ஆள் வாய் உயரத்தில் கட்டினேன்.

"மரம் ஆயுதமா பூசாரி?" என்றார் கங்காணி. அந்த நிலையிலும் சட்டத்தை விடவில்லை.

"மரம் நமக்குச் சோறு போடுது. சோறு போடுறவங்கள ஆயுதம்னு சொல்லலாமா?" என்றார் சன்னாசி. சொல்லிவிட்டு, சாயங்காலத் தீபாராதனைக்கு நேரமாகிறது என்று கோயிலுக்குள் போய்விட்டார்.

யோசனை இவ்வளவுதான். வாட்டசாட்டமான நாலு பேர் கங்காணியை இடுப்பிலும் தோளிலும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்கவேண்டும். ரப்பர் இழுபடும். ஒரு கட்டத்தில் பல் தாங்காது. வந்துவிடும். நாலு பேரில் நானும் ஒருவன்.

ரப்பர் வடத்தை இழுப்பவர்கள் அவசரப்படக்கூடாது. நிதானமாக நடந்தோம். வடம் நீண்டது, பல் அசையவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைத் தாண்டினோம். வடம் இன்னும் நீண்டது. கிணற்றைத் தாண்டினோம். கிராணி தன் வீட்டு வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா போறீங்க?"

"பல்லு புடுங்க!"

"பல்லு எங்க?"

"வருது, பின்னாலதான்!"

வடம் கைவிரல் அளவுக்கு மெலிந்தது. அப்புறம் கம்பி. கங்காணியின் வாய் இழுபட்டு முன்னால் நீண்டுகொண்டே போயிற்று. செம்மண் சாலை முடிந்து ரயில் பாதை வந்தது. பாதையையும் தாண்டிப் போய் நின்றபோது தைப்பிங் பக்கத்திலிருந்து ஈப்போ வண்டி வந்துவிட்டது. வடம் தண்டவாளத்துக்குக் குறுக்கே. என்ன செய்வது? கூட வந்த பையன்கள் மூங்கிலால் அதைத் தூக்கிப் பிடித்து, கீழே ரயிலுக்கு வழிவிட்டார்கள். வண்டி மெதுவாகப் போயிற்று. ஜன்னலில் இருந்தவர்கள், வாய் ஒரு முழத்துக்கு நீண்டு, கண்ணை மூடி நிற்கிற மனிதரைப் பார்த்து, யாரோ பெரிய வித்துவான் உச்சஸ்தாயியில் பாடுகிறார் என்று கைதட்டினார்கள்.

"இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்தான் அண்ணே!" என்று நாங்கள் கத்தினோம். கால் மண்ணில் பதிந்து உழுதது. வடம் வீணைத் தந்தி மாதிரி ரீங்காரம் போட்டது. கங்காணி "ஆ, ஆ" என்றார். வரும், இதோ வரும், இந்த நொடி வரும்!

அப்போது கோயிலில் மணி அடித்தது.

சன்னாசி பூசாரி தீபாராதனை காட்டுகிறார். கணகணவென்று மணி, கூடவே சங்கு. எங்கள் தோட்டத்தில் அந்த மணி கேட்டால் யாராயிருந்தாலும், எங்கேயிருந்தாலும், கோயில் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவோம். தாய்ப்பாலோடு வந்த பழக்கம். அதை யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும்.

நாலு பேருடைய எட்டுக் கைகளும் போயின.

கங்காணியின் இரண்டு கைகளும் போயின. கும்பிட்ட கையோடுதான் அவர் கிளம்பினார்.

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். அவர் கால் தரையில் படவில்லை. ரயில் பாதையை ஒரே தாவில் கடந்தார். செம்மண் சாலையில் ஒரு புழுதிக்கோடு எழுந்தது. கிராணியின் காப்பிக் கோப்பையிலிருந்து காப்பி மட்டும் காற்றோடு அவர் பின்னால் போயிற்று, கோப்பை கிராணியின் கையிலேயே இருந்தது. கிணற்றடியில் துவைத்துக் காயப்போட்ட வேட்டி ஒன்றும் சேர்ந்துகொண்டது. தலைப்பாகை கொஞ்சம் தாமதமாகப் புறப்பட்டு, வழியில் அவரைப் பிடித்து, தலையில் சரியாக உட்கார்ந்தது. கன்னம் வீங்கியதிலிருந்து அது நேராக இருந்தது அப்போதுதான்.

மரத்தடியில் கருப்பம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"டேய் உடையப்பா! வாய மூடிறாதடா!" என்று அலறிக்கொண்டே ஒதுங்கினாள்.

வாயை மூட அவரால் முடியவில்லை. வந்த வேகத்தில், கும்பிட்ட கை இரண்டும் மரத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போக, மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி மோதினார். கோரைப்பல் பட்டையில் "நச்" என்று இறங்கியது. உள்பக்கமாக ஒரே ஒரு தட்டு! நான் சொன்ன தட்டு!

அடுத்த நொடி மரம் அவரை உதறியது. பின்னால் வந்து பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தார். பல் அவரோடு வரவில்லை. அது மரத்திலேயே நின்றுவிட்டது.

நாங்கள் மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தோம். பாஸ்கல் அவர் வாயைத் திறந்து பார்த்தார். "சுத்தமா வந்துருச்சு! வேரோட வந்துருச்சு! சீழு எல்லாம் வடியுது! உப்புத் தண்ணி, உப்புத் தண்ணி கொண்டாங்க!" என்று குதித்தார். அவர் குதித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கங்காணி கொப்பளித்துத் துப்பினார். கன்னத்தைத் தடவினார். சுற்றிலும் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் பாஸ்கலின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தோம். பிடியை விட்டவர்கள் நாங்கள்தானே.

"வலி இல்ல," என்றார் மெதுவாக. அப்புறம் சத்தமாக, "அக்கா, வலி போயிருச்சு!"

ஒரே ஆரவாரம். தவிலை எடுக்கப் போனவன் தவிலுக்கும் பொட்டு வைத்திருந்ததால் வாயாலேயே வாசித்தான். கங்காணி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"பாத்துக்கிட்டீங்களாடா? ஒரு ஆயுதத்தயும் தொடல. வார்த்தைன்னா வார்த்த!"

"தம்பி," என்றாள் கருப்பம்மாள். "இங்க வந்து இதப் பாரு."

அவள் மரத்தைக் காட்டினாள். பல் பதிந்திருந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. சொட்டு வழிந்தது. வழிந்தது கோடாயிற்று. பால் இறங்கிக்கொண்டிருந்தது. அதுவும் எப்படி? பால் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் இல்லை. நல்ல கத்திக்காரர்களுக்கே சில நாள்தான் அந்த அளவு அமையும். கங்காணியின் பல்லுக்கு முதல் வெட்டிலேயே அமைந்திருந்தது.

"ஆயுத பூஜை நாள்ல பால் வெட்டுனது யாரு?" என்று அக்கா கேட்டாள்.

கூட்டம் மொத்தமும் கங்காணியைப் பார்த்தது.

"நான் வெட்டல," என்றார் கங்காணி. "பல்லு தானா..."

"பல்லு வெட்டுச்சா, இல்லையா?"

"வெட்டுச்சு. ஆனா பல்லு ஆயுதம் இல்ல அக்கா."

"மேல்வாய்ப் பல்லும் கீழ்வாய்ப் பல்லும் சேந்து ஒண்ண வெட்டுது. ரெண்டு சேந்து ஒண்ண வெட்டுனா அது என்னன்னு போன வருசம் எனக்குச் சொன்னே? எல்லாருந்தான கேட்டுக்கிட்டு நின்னாங்க! பூசாரி, நீ சொல்லு!"

தீபாராதனைத் தட்டோடு அப்போதுதான் வெளியே வந்த சன்னாசி, மரத்தைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், கங்காணியின் வாயிலிருந்த ஓட்டையைப் பார்த்தார். தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டு, மரத்தில் நின்ற பல்லுக்கு ஒரு பொட்டு வைத்தார். தீர்ப்பு அவ்வளவுதான்.

கங்காணி அந்தப் பொட்டை உற்றுப் பார்த்தார். முகம் சிவந்தது. உதடு துடித்தது. இப்போது வெடிக்கப் போகிறார் என்று நான் மறுபடி கோயிலைச் சுற்றத் தயாரானேன். வெடித்தது சிரிப்பு. வாயில் இருந்த ஓட்டை வழியாக விசில் மாதிரி வந்தது. அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். எங்களைப் பார்த்து அவர் இன்னும் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே கோயில் முன்னால் போனார். கோணியின் முன் விழுந்து கும்பிட்டார். எல்லார் கண்ணும் பார்த்திருக்க, கையை நீட்டினார். குறட்டைத் தாண்டி, என் சுத்தியலைத் தாண்டி, பாக்குவெட்டியை எடுத்தார். மரத்தடியில் அக்காவுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பூசைத் தட்டிலிருந்த பாக்கை அவரே பொடிப்பொடியாகச் சீவி அவள் கையில் கொடுத்தார்.

"ஆயுதம்தான் அக்கா," என்றார். "ஆனா ஒனக்கு இல்லாம என்ன பூச."

"ஒத்துக்கமாட்டானே!" என்று சொல்லிக் கருப்பம்மாள் பாக்கை வாயில் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அன்று முழுக்கக் குயில் கூவியதா என்று எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் பெரட்டு. கங்காணி வரிசையின் முன்னால் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். பிடியை விட்ட நாங்கள் நாலு பேரும் "வந்துட்டேன்" என்றோம். பேரைக் குறித்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போனார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உடையப்பன்!" என்று தன் பேரைத் தானே கூப்பிட்டார். அவரே நாலு பக்கமும் தேடுகிற மாதிரி பார்த்துவிட்டு, "ஆளு வரல!" என்று தானே பதில் சொன்னார். அன்றைய கூலி அவருக்கு இல்லை.

அந்தப் பல் மரத்தை விட்டு வரவேயில்லை. பாஸ்கல் குறடு போட்டுப் பார்த்தார், நான் நெம்பிப் பார்த்தேன். மரமும் அதை விட மனசில்லாமல் சுற்றிலும் பட்டை வளர்த்துக்கொண்டது. அந்த மரத்துக்கு மட்டும் யாரும் கத்தி எடுத்துப் போனதில்லை. விடிந்ததும் மங்குக் கிண்ணத்தை வைத்துவிட்டால் போதும், அது தானாகக் கடித்துக்கொண்டு தானாகப் பால் கொடுக்கும். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் கொடுக்காது. சட்டம் தெரிந்த பல்.

கைவேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஆணியோ பல்லோ, வெளியே இழுப்பதற்கு முன்னால் உள்பக்கமாக ஒரு தட்டுத் தட்டுங்கள். சாணைக்கல்லை நனைக்காமல் தீட்டாதீர்கள். வழுக்கும் முடிச்சுக்குச் சாம்பல் தொட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் வடத்தை வைத்து எதையாவது இழுக்கப் போகிறீர்களானால், எந்த வேலையும் தொடங்குவதற்கு முன்னால், கோயிலுக்குள் போய்ப் பூசாரியிடம் மணி எப்போது அடிப்பார் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.